270 கிலோமீட்டர் கணக்கு

11-7-1991, வியாழன்
பொழிச்சலூர்

ஏழாம் வகுப்பு டெஸ்டில் என் சொந்தக் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார் தீவுக்கு 270 கிலோமீட்டர்; விமானம் மணிக்கு 270 கிலோமீட்டர் பறந்தால் எவ்வளவு நேரம்? வீட்டுக்காரர் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து அட்லஸில் ஸ்கேல் வைத்து நான் அளந்து அளந்து மனப்பாடமான தூரம்.

எல்லோரும் ஒரு மணி நேரம் என்று எழுத, ஸ்டெல்லா மட்டும் நாலு நாள் என்று எழுதியிருந்தாள். தப்புப் போட்டுவிட்டு, கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்கப்பா அங்கதான் மிஸ் வேலை பாத்தாரு. பறக்கறது ஒரு மணி நேரம்தான். மழை விடணும், சீட்டு கெடைக்கணும். அவருக்கு நாலு நாள் ஆச்சு."

"கணக்குல மழையே இல்லையேம்மா."

"நீங்க போடல மிஸ்."

லீவு கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை கிளம்பி அன்றே போர்ட் பிளேரிலிருந்து தந்தி அடிக்கிறேன் என்று இவர் எழுதியிருந்தார். இன்றுவரை தந்தி இல்லை. இரண்டு நாளாக என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கணக்குப்படி இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த நாலு நாளும் அவள் அப்பா எங்கே தங்கினார், யார் சோறு போட்டார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். நாளை முதல் பீரியடிலேயே கேட்க வேண்டும். அவள் தாளில் நான் போட்ட அந்தத் தப்பையும் அடித்துவிட வேண்டும்.