மழை மாதத்தில் மூடுகிற கடை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பறந்துபோய் அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டது. மலை கறுத்து நிற்கிறது. ஊருக்குள் ஒரு துளி இல்லை. தொட்டி கழுவ வருகிறேன் என்றவர் வரவில்லை.

வாங்க: கடுகு, உ. பருப்பு, மாடிப்படிக்கு பல்பு, முழங்காலுக்குத் தைலம்.

மதியம் ஜெபராஜ் மேலே வந்தார். வீட்டுக்குக் கீழே இருக்கிற என் மூன்று கடைகளில் நடுக்கடை அவருடையது. மழைக்கோட்டு, குடை, படுதா, ரப்பர் பூட்ஸ், டார்ச் லைட். ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம். அவர் அப்பா என் அப்பாவிடம் வாடகைக்குப் பிடித்த கடை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னார்.

“அக்கா, கடைய விட்டுர்றேன்.”

வியாபாரம் இல்லையா என்றேன். அதெல்லாம் ஓடுகிறதாம். உடம்பு? நன்றாகத்தான் இருக்கிறதாம்.

“எனக்கு அந்தக் கடை பிடிக்கலக்கா. எப்பவுமே பிடிச்சதில்ல. விடியறதுக்கு முன்னாடி ஷட்டரத் தூக்குனா அடைக்கிற வரைக்கும் பேச்சு. ஜீப்பு ஏற வர்றவங்க, டீ குடிக்க வர்றவங்க, சோலி இல்லாம வர்றவங்க. வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள அதே சத்தம்.”

குரங்கணிக்கு மேலே, அவர் மனைவி எஸ்தருக்கு அவள் அப்பா கொடுத்த காப்பித் தோட்டம் கொஞ்சம் இருக்கிறது. அங்கே போய் இருக்க வேண்டுமாம். இந்த வருஷம் மதுரைக்குச் சரக்கே சொல்லவில்லையாம். இன்னொரு மழைக்காலம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் பிறகு கிளம்பவே மாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டார். “நீங்க காலி பண்ணச் சொன்னதா இருக்கட்டும்க்கா. எனக்குப் பிடிக்கலன்னு சொன்னா தெருவே கூடி யோசனை சொல்லும். வீட்டுக்காரங்க கடையக் கேட்டுட்டாங்கன்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்.”

சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன். அவர் படி இறங்கிய பிறகுதான் தோன்றியது, எஸ்தரிடம் என்ன சொல்வார் என்று.

ஜூன் 4, புதன்

தொட்டி கழுவியாயிற்று. அடியில் ஒரு செத்த பல்லி. இத்தனை நாள் அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்திருக்கிறேன்.

செய்தி பரவிவிட்டது. முதல் கடை பாண்டியின் டீக்கடை. நான் பல்பு வாங்க இறங்கியபோது டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“மழை மாசத்துல மழைக்கோட்டுக் கடைய மூடச் சொல்ற ஆளு இந்த ஊர்லயே நீங்கதான்க்கா.”

பல்புக் கடைக்கு நடந்தேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வருஷத்தில் நல்ல விற்பனை இனிமேல்தான். தன் இஷ்டத்துக்கு எவனும் இப்போது மூட மாட்டான். ஆகவே நான்தான் விரட்டியிருக்க வேண்டும்.

தெருவில் இது முதலாவதும் இல்லை. எதிரே மாவு மில் போய் பைக் ஷோரூம். சைக்கிள் கடை போய் செல்போன் கடை, இப்போது அதற்கும் பூட்டு. என்னுடைய மூன்றாவது கடையில் இருந்த ஜெராக்ஸ்காரர் போய் வருஷமாகிறது. அப்போதெல்லாம் தெரு சும்மா ‘அப்படியா’ என்றது. இதற்கு மட்டும் இவ்வளவு கோபம்.

காய்கறி வண்டியருகில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: “அந்தம்மாவுக்கு என்ன கொறச்சல். பெரிய கம்பெனி எதாச்சும் கேட்டிருக்கும்.” கத்தரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

விடியலில் தூறல். பால் வாங்கப் போனேன். நடுக்கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே ஜீப்புக்குக் காத்திருக்கிற பெண்கள், தூக்குவாளியோடு. அவர்களில் பார்வதியை எனக்குத் தெரியும். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் களையெடுக்கப் போகிறாள். நல்லவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

“ஏன்த்தா, நாளைக்கு வர்ற கடைக்காரன் எங்கள இங்க நிக்க விடுவானா? கண்ணாடிக் கதவு போட்டு, படியில உக்காராதன்னு சொல்லுவான். நனஞ்சுக்கிட்டே ஜீப்பு ஏறிப்போயி சாயங்காலம் வரைக்கும் ஈரத்தோட நிக்கணும் நாங்க.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஜெபராஜும் யோசித்திருக்க மாட்டார். உள்ளே அவர் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

மாலை கவிதா கோயம்புத்தூரிலிருந்து போன். பாண்டியின் மகள் மூலமாக அவளுக்கும் செய்தி போய்விட்டது. “நல்லதும்மா, ஏதாவது பேக்கரிக்குக் குடு” என்றாள். என் மகள். ‘ஏம்மா, நிஜமாவா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதுதான் உறுத்துகிறது. இந்தத் தெருவில்தான் பிறந்தேன், கல்யாணமாகிப் போனேன், தனியாகத் திரும்பி வந்தேன். நான் ஒருவரைக் காலி செய்யச் சொன்னேன் என்றால் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஜூன் 7, சனி

தைலம் பலனில்லை. வேறு வாங்க வேண்டும்.

எஸ்தர் வந்தாள். ஈஸ்டருக்கு என்னிடம் இரவல் வாங்கிப்போன பெரிய அண்டாவைத் துலக்கிக் கொண்டுவந்திருந்தாள். தரையில் வைத்தாள். இனி உங்கள் வீட்டுச் சாமான் எனக்கு வேண்டாம் என்பதுபோல வைத்தாள். சத்தம் போடவில்லை.

“உங்க அப்பா இருந்தா இதச் செஞ்சிருக்க மாட்டாரு.”

உண்மை வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“கம்பத்துலேர்ந்து கல்யாணமாகி வந்தப்ப எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுக்கா. இவரு சாப்பிட வர்ற நேரம் கடையில போயி உக்காருவேன். அப்படித்தான் நாலு பேரத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு. அதையும் எடுத்துட்டீங்க.”

காப்பி வேண்டாம் என்று போய்விட்டாள்.

மதியம் கீழேயிருந்து கேட்கிற சிரிப்புச் சத்தம் அவளுடையது என்று இத்தனை வருஷமாகத் தெரியும். அது அவளுக்கு என்னவாக இருந்தது என்று தெரியாது.

உடனே கடைக்கு இறங்கினேன். ஆள் இல்லாத நேரம். “எஸ்தர்கிட்ட உண்மையச் சொல்லிரு ஜெபராஜ்” என்றேன்.

“சொன்னா கடைய விட ஒத்துக்க மாட்டாக்கா. காலி பண்ணிட்டுச் சொல்லிக்கிறேன்.”

“அதுவரைக்கும் நான் அவ மொகத்துல முழிக்க வேணாமா?”

டார்ச் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல மழை, அரை மணி நேரம். பிறகு வெயில்.

பாண்டி, பின்தெரு வாத்தியார், இன்னும் இருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்கள்போல உட்கார்ந்தார்கள். வாத்தியார்தான் பேசினார். ஜெபராஜுக்கு ஒரு வருஷம் தவணை கொடுக்கலாமாம். அல்லது மூன்றாவது கடைக்கு மாற்றலாமாம். அல்லது கடையைப் பாதியாகத் தடுத்து... ஆளுக்கொரு யோசனை. ஜெபராஜ் பயந்தது எவ்வளவு சரி என்று அப்போது புரிந்தது. சிரிப்பை அடக்கத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது பாண்டி கேட்டார்: “காரணமாச்சும் சொல்லுங்கக்கா.”

“எனக்கு இடம் வேணும்” என்றேன்.

இதுவரை பேசாமல்தான் இருந்தேன். இன்றுதான் வாய்விட்டுப் பொய். அவர்கள் எழுந்துகொண்டார்கள். வாத்தியார் மட்டும் போகும்போது, “நல்லாருங்க” என்றார். அது வாழ்த்து இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஜெபராஜ் காலையில் வந்து, “ஒருவாட்டி வந்து பாருங்கக்கா, அப்புறம் திட்டுங்க” என்றார். கடையைச் சாத்திவிட்டு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு. அங்கிருந்து நடை. முழங்கால் கெஞ்சியது.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை. காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, கொஞ்சம் ஏலம். எங்கோ ஓடை விழுகிற சத்தம், கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு கல்லைத் துடைத்துக் கொடுத்துவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார். வாய்க்காலில் அடைத்திருந்த இலையை அள்ளினார். ஒரு கொடியைத் தூக்கிக் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே கூன் போட்டு நடக்கிற மனுஷன் அங்கே நிமிர்ந்து நடந்தார்.

இறங்கும்போது சொன்னேன். “எடம் நல்ல எடந்தான். ஆனா இது எஸ்தரோடது. அவகிட்ட கேக்காம இங்க எப்படி இருப்ப?”

நின்றார். இதை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

“சொல்றேன்க்கா.”

“எனக்காக வேணாம். தெரு என்னத் திட்டட்டும். அவளுக்காகச் சொல்லு.”

அட்டைக்கடி இரண்டு. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

நேற்று முழுதும் நடுக்கடை திறக்கவில்லை. பார்வதியும் மற்றவர்களும் பூட்டிய ஷட்டரில் சாய்ந்து நின்றார்கள்.

இன்று பதினோரு மணிக்கு எஸ்தர். இந்த முறை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அவரு சொன்னது நெசமாக்கா?”

“நெசந்தான்.”

“அன்னைக்கு நான் அவ்வளவு பேசுனேனே. ஏன் சொல்லல?”

“வாக்குக் குடுத்துட்டேன். யோசிக்காமக் குடுத்துட்டேன்.”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும்.

“கடை பிடிக்கலயாம். என்னையக் கட்டுனதுலேர்ந்து பிடிக்கலயாம். ஒருநா சொன்னதில்ல.” பிறகு, “சரி. அவரு போகட்டும். கடைய எனக்குக் குடுங்க” என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“எனக்குக்கா. என் பேருல. இந்த மழை மாசத்துல மூட எனக்கென்ன பைத்தியமா? மதுரைக்குப் போன் போட்டுட்டேன். வெள்ளிக்கிழம லோடு வருது.”

“ஜெபராஜ் என்ன சொன்னாரு?”

“நீ தனியா எப்படிப் பாப்பன்னு கேட்டாரு. நீங்க மட்டும் அங்க தனியா எப்படி இருப்பீங்கன்னு கேட்டேன். அதுக்குப் பதிலக் காணோம்.”

சனிக்கிழமை மாலை இறங்கி வந்து திங்கள் காலை ஏறிப்போவதாக ஏற்பாடு. அவர் கடையில் அவள், அவள் நிலத்தில் அவர். என்னிடம் கேட்டிருந்தால் இப்படி ஒன்று தோன்றியிருக்காது.

காப்பி குடித்தாள். வாடகைச் சீட்டு எஸ்தர் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும். சாய்ப்புத் தகரத்தில் ஓட்டை இருக்கிறதாம், அதை நான்தான் மாற்றித்தர வேண்டுமாம். முதல் நாளே உரிமை.

ஜூன் 13, வெள்ளி

விடாத சாரல். லோடு வந்துவிட்டது. கடை வாசல் முழுக்க அட்டைப்பெட்டி. ஜெபராஜ் நேற்றே மேலே போய்விட்டார்.

தெருவுக்கு இப்போது வேறு கதை. நாலு பேர் வந்து பேசியதில் என் மனம் மாறிவிட்டதாம். பாண்டி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “நாங்க போயி உக்காந்தோம்ல, அக்கா எறங்கி வந்துட்டாங்க” என்று சொல்கிறார். ஜெபராஜைப் பற்றி: பொண்டாட்டி மலைக்கு விரட்டிவிட்டாள், பாவம் மனுஷன்.

எஸ்தரிடம் சொன்னேன், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று. பெட்டியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “எதுக்குக்கா? அவர ஏசட்டும், என்னைய ஏசட்டும். பேசிக்கிட்டே ரெண்டு கோட்டு வாங்கிட்டுப் போறாங்க.”

பாண்டி என்னிடம் வந்து, “அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. நாங்களும் வச்சுக்கல” என்றார். என்னை மன்னித்துவிட்டார்களாம். நல்லது என்றேன். வேறென்ன சொல்ல.

கவிதாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். “நானும் ‘நிஜமாவா’ன்னு கேக்கலயேம்மா” என்றாள். போதும்.

ஜூன் 15, ஞாயிறு

மலையில் கனமழை என்றார்கள். இங்கே மூட்டம், துளி இல்லை. தகரம் மாற்ற ஆள் செவ்வாய் வருவார்.

ஆராதனை முடிந்து வந்து எஸ்தர் கடை திறந்தாள். நேற்று மாலை இறங்கி வந்த ஜெபராஜ் நாளை வரை இருக்கவில்லை. மேலே வாய்க்கால் உடைத்துக்கொண்டுவிட்டதாம், மதியமே கிளம்பினார். ஜீப் வாசலில் நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் கடைக்குள் ஏறவில்லை, வெளியே நின்றார்.

“என்ன வேணும்?” என்றாள் எஸ்தர்.

“ஒரு மழைக்கோட்டு.”

மூன்றை எடுத்துப் போட்டாள். எது நல்லது என்று கேட்டார். இத்தனை வருஷம் விற்றவர்.

“இதுதான். மேல சாரல் பக்கவாட்டுல அடிக்கும், இதுல தொப்பிக்குக் கயிறு இருக்கு. அந்த நீலம் வேணாம், தையல் விட்டுரும்.”

அங்கேயே போட்டுப் பார்த்தார். பொத்தான் போடத் தடுமாறினார். எஸ்தர் கல்லாவை விட்டு இறங்கி வந்து போட்டுவிட்டாள். பிறகு இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், தணிந்த குரலில். என்ன பேசினார்கள் என்று மேலே கேட்கவில்லை. ஜீப்புக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.