சம்பந்தியம்மாவின் வெள்ளைத் தையல்

பிப்ரவரி 21

தோஜி கோயில் சந்தை. விரல் விறைக்கும் குளிரில் விடியுமுன்பே போய் நின்றேன். எனக்கும் முன்னால் கிநுயோ நின்றிருந்தாள். பழைய துணி பொறுக்க வரும் கூட்டத்தில் என் ஒரே தோழி அவள்தான். ஒரே எதிரியும் அவள்தான். நான் கையுறையைக் கழற்றுவதற்குள் ஓர் ஆமையோட்டுச் சீப்பை அமுக்கிவிட்டாள்.

எனக்கு வாய்த்தது ஒரு பகட்டுப் பட்டுக் கிமோனோ. நூறு வருடத்துக்கு முன் கடையில் வேலை பார்த்த பெண்கள் உடுத்தியது. ஊதாவில் பெரிய பெரிய அம்பு இறகுகள், கைமடிப்பில் பூச்சி அரித்த ஓட்டை. ஓட்டை இல்லாதிருந்தால் அது என்னிடம் ஏன் வரப்போகிறது?

ஷோஹேய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் துணிகளைப் பற்றி என் கணவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "இதே மாதிரி நம்மகிட்ட ஒண்ணு இருக்கே."

"அது வேற ஊதா" என்றேன்.

அவர் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஊதா. அதே இறகு. சொல்லவில்லை.

பிப்ரவரி 23

கல்யாணத்துக்கு நிற்கும் என் மகன் தகுமி வந்தான். அடுத்த மாதம் எட்டாம் தேதி நல்ல நாளாம், அன்றைக்கு இரண்டு குடும்பமும் சந்தித்துச் சாப்பிடுவதாக முடிவு. பெண் சாயோ, பிவா ஏரிக்கரையில் ஓத்ஸு ஊர்க்காரி. என் மகனைவிட நான்கு மடங்கு புத்திசாலி. இவனுக்கு எப்படிக் கிடைத்தாள் என்று நானும் ஷோஹேயும் தனியாகப் பேசிக்கொள்வோம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நகர்த்திவிட்டு, ஏதோ டாக்டர் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னான்: "அம்மா, அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரோட துணியையும் தொடாதே. திருப்பிப் பார்க்காதே. எந்தக் காலத்துதுன்னு சொல்லாதே."

நான் எப்போது அப்படிச் செய்தேன் என்று கேட்டேன். பல் டாக்டர் வீட்டில் அவர் மனைவியின் கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தது, வங்கியில், அத்தை மகன் துக்க வீட்டில் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். துக்க வீட்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு மனது கனத்துப் போயிற்று. ஒரே பிள்ளை. அந்த வீட்டாருக்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும்? சண்டை வராது. எங்கள் பக்கத்தில் சண்டையா போடுவார்கள்? நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள். பிறகு புத்தாண்டுக்கு ஒரு முறை மட்டும் மகன் வருவான், அரை நாள் இருப்பான், ரயிலுக்கு நேரமாச்சு என்பான்.

அன்று எதையும் தொட மாட்டேன்.

பிப்ரவரி 27

சாயோவின் அம்மா, மிதாராய் அம்மா, தொலைபேசியில் பேசினார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே தரத்தில் உடுத்த வேண்டும். ஒருத்தி உயர்வாகவும் ஒருத்தி மட்டமாகவும் வந்து நின்றால் அன்றைக்கே கதை முடிந்தது. அதற்காகத்தான் பேச்சு. ஆனால் நேராகக் கேட்டுவிட முடியுமா?

"சாதாரணமாவே வாங்க" என்றார்கள் அவர்கள். "நானும் சாதாரணமாத்தான் வரலாம்னு" என்றேன் நான். எந்தச் சாதாரணம் என்று இருவரும் கேட்கவில்லை. வானிலை, முழங்கால் வலி, ஏரி மீன் என்று வெகு நேரம் சுற்றி, கடைசியில் "குடும்ப முத்திரை ஒண்ணு மட்டும் வெச்சது" என்று அவர்கள் வாயிலிருந்து நழுவியது. அப்பாடா. முத்திரை எத்தனையோ அத்தனை உயர்வு அந்தக் கிமோனோ.

வீடு முழுக்கக் கிமோனோ. கொண்டை ஊசிக்குத் தனிப் பெட்டி, மரக்கட்டையில் அச்சடித்த பழைய படங்களுக்குத் தனி அலமாரி. படுக்கை விரிக்க இடமில்லாமல் ஷோஹேய் குறுக்காகப் படுக்கிறார். ஆனால் முத்திரை வைத்த கிமோனோ? ஒன்றுகூட இல்லை. நான் சேர்ப்பதெல்லாம் கடைப் பெண்கள், ஹோட்டலில் பரிமாறும் பெண்கள் உடுத்திய சரக்கு. உயர்ந்த ரகத்தை வாழ்நாளில் வாடகைக்குத்தான் உடுத்தியிருக்கிறேன். நாளைக்கு வாடகைக் கடை.

மார்ச் 8

வெற்றி. இதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.

நான் யாருடைய துணியையும் திருப்பிப் பார்க்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. மூங்கில் குருத்து, கடல் பிரீம் மீன். ஷோஹேய் இரண்டு ஜோக் சொன்னார், ஒன்றுக்குச் சிரித்தார்கள். சாயோவின் அப்பா காது கொஞ்சம் மந்தமான சாது. தகுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பால் பொங்குமோ என்று அடுப்பைப் பார்ப்பதுபோல.

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே கவனித்துவிட்டேன். மிதாராய் அம்மாவின் சாம்பல் கலந்த ஊதாக் கிமோனோவில், கழுத்துப் பட்டை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெள்ளை நூல். பிரிக்காத ஓட்டுத் தையல். புதுக் கிமோனோ மடிப்புக் கலையாமலிருக்கத் தையல்காரி மேலாகப் போட்டு அனுப்புவாளே, அது. உடுத்துமுன் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் வருவது விலைச்சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவதற்குச் சமம். பாவம், பெண்ணைப் பெற்றவள், அவசரத்தில் மறந்திருக்கிறாள். எங்கள் மாமியார் காலத்து ஆட்கள் கண்ணில் பட்டிருந்தால் நடுத்தெருவில் நிறுத்திப் பிடுங்கியிருப்பார்கள்.

தொடாதே என்றான். ஆனால் இது வேறு. இது மானம் காப்பது.

மீன் வந்து போனதும் கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே போனேன். இடைப்பட்டைக்குள் எப்போதும் செருகியிருக்கும் மடக்குக் கத்தரியை எடுத்து, "தப்பா நினைக்காதீங்க, சின்ன நூல் ஒண்ணு" என்றேன். ஓரத்தைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு "அடடா, கவனிக்கவே இல்லையே, ரொம்ப நன்றி" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மண்டியிட்டு ஆரம்பித்தேன். அப்பப்பா! அரிசிமணி அளவுத் தையல், ஒவ்வொன்றும் அத்தனை இறுக்கம். பிரிக்கப்போகிற தையலை எந்தப் புண்ணியவதி இப்படித் தைப்பாள்? நெற்றி வியர்த்துவிட்டது. ஒரு நூல் விடவில்லை.

திரும்பி வந்தபோது தகுமி புருவத்தை உயர்த்தினான். நான் ஒன்றும் தெரியாதவள்போல ஊறுகாயை எடுத்தேன். நல்ல காரியம் செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது.

மார்ச் 15

ஓத்ஸுவிலிருந்து நன்றிக் கடிதம். ஏரிக் கரையில் செர்ரி மொட்டு விட்டிருக்கிறதாம். "அன்றைய உங்கள் அக்கறையை மறக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார்கள். ஷோஹேயிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மார்ச் 21

செத்தேன்.

தோஜி சந்தை. கிநுயோ ஒரு கறுப்பு விசேஷக் கிமோனோ வாங்கிக் கையில் தொங்கவிட்டிருந்தாள். கழுத்தோரம் வெள்ளை நூல். "ஓட்டுத் தையல்கூடப் பிரிக்காத புதுசு!" என்று நான் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டென்று என் கையில் ஓர் அடி. "கை வெச்சே, ஒடிச்சிடுவேன். இது பிரிக்கிற தையலா? விசேஷத்துக்கு உடுத்துறதுக்கு அழகுக்குன்னு போடுறதுடி. கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கணும்."

கறுப்புக்கு மட்டும்தானே என்றேன். முத்திரை வைத்த எதிலும் இருக்கும், தையல் சின்னதாக அரிசி மாதிரி இருந்தால் தொடவே கூடாது, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் சந்தையில் என்னோடு இடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றாள்.

அரிசி மாதிரி.

பழைய கிண்ணம் விற்கிறவரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். கிநுயோ சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் நின்றுகொண்டு, பிறகு கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் "அவங்க ஏன் நிறுத்தச் சொல்லல?" என்று கேட்டாள்.

ஏன் நிறுத்தவில்லை? அதுதான் கேள்வி. மகளுக்கு வாய்த்த மாமியார் முட்டிபோட்டுக்கொண்டு தன் ஆடையைக் கத்தரிக்கும்போது, சாப்பாடு கெடக் கூடாது, பெண்ணின் கல்யாணம் கெடக் கூடாது என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள் மகராசி. "அக்கறையை மறக்க மாட்டேன்." மறக்க மாட்டாள்தான்!

மார்ச் 22

சாப்பிடவில்லை. ஷோஹேயிடம் சொன்னேன். "நூலைப் பத்திரமா வெச்சிருக்கியா?" என்றார். நூலை வைத்து நான் என்ன செய்ய, தொங்கவா?

மார்ச் 24

தகுமியிடம் போனில் நானே சொல்லிவிட்டேன், சாயோ வழியாக அவன் காதுக்குப் போகுமுன்.

"ஒரே ஒரு நாள்னு சொன்னேன்" என்றான். வைத்துவிட்டான்.

அவன் கத்தியிருக்கலாம்.

மார்ச் 29

ஓத்ஸு போய் வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனால் கனமான இனிப்பு கொண்டுபோக வேண்டும், குற்றத்தின் எடைக்கு ஏற்ப. பயறுக் களியில் ஆகப் பெரிய கட்டியை வாங்கினேன். ரயிலில் மடி மரத்துவிட்டது.

கூடத்தில் உட்காருமுன்பே நெற்றி பாயில் படக் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவள்போல ஊரெல்லாம் திரிகிறேன், உங்கள் கிமோனோவைப் பாழாக்கிவிட்டேன், அதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதீர்கள். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போன அழகான வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

தலையைத் தூக்கினேன். மிதாராய் அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அப்போ அது பிரிக்கக் கூடாததா?" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க இத்தனை சேர்த்து வெச்சிருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததான்னு நினைச்சேன். இத்தனை வருஷம் தப்பா உடுத்திட்டு நாலு பேர் முன்னால நின்னிருக்கேனேன்னு மானம் போச்சு எனக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்த உடனே..." நிறுத்தினார்கள். "மிச்சம் இருந்ததையும் பிரிச்சிட்டேன்."

எழுந்து போய் எடுத்து வந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு. மே மாதம் பெண் கல்யாணத்துக்கு உடுத்த வேண்டிய ஐந்து முத்திரைக் கறுப்பு. ஒரு வெள்ளை நூல் இல்லை. வழித்துத் துடைத்தது போலிருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. நான் இல்லை என்றுதான் நினைக்கிறேன், எனக்கு அந்தத் தைரியம் வராது. காது மந்தமான மனிதர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

களியை வெட்டித் தின்றோம். நான் மூன்று துண்டு.

ஏப்ரல் 3

தெரிந்த தையல்காரிகள் எல்லோரையும் கேட்டாயிற்று. கல்யாண சீசன், ஜூலைக்கு முன்னால் கை ஒழியாது என்கிறார்கள். கறுப்பை நானே தைக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான் ஒரு பொத்தான் தைத்தால் சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்துகொள்ளும், பிரிக்க ஷோஹேய் வேண்டும்.

ஏப்ரல் 10

கிநுயோவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். கந்தல் துணியில் போட்டுக் காட்டினாள். நான் போட்டதைப் பார்த்து, "இது தையல் இல்ல, முட்டைக்கோஸ் நட்ட வரப்பு" என்றாள்.

ஏப்ரல் 19

மிதாராய் அம்மாவைத் தகுமியே காரில் கொண்டுவந்து விட்டான். என்னோடு பேசவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தான், நூடுல்ஸ் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அது போதும் இப்போதைக்கு.

பெட்டிகளை ஓரம் தள்ளி இடம் செய்தேன். கழுத்துப் பக்கம் நான், கீழ் ஓரம் அவர்கள். இரண்டு பேருக்கும் கண்ணாடி போட்டும் ஊசிக் காது தெரியவில்லை. ஷோஹேய் கோத்துக் கோத்துக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. சாயோ சின்ன வயதில் ஏரியில் விழுந்தது, எனக்கு இரண்டாவதாக ஒன்று தங்காமல் போனது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஏன் சொன்னேன்? ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை, அதனால் இருக்கும். அவர்கள் நூலைக் கடித்து அறுத்தார்கள்.

முடிந்தது. நன்றாக இல்லை. என் பக்கம் பாம்பு ஊர்ந்ததுபோல, அவர்கள் பக்கம் கொஞ்சம் தேவலை. தொலைவிலிருந்து பார்த்தால் தெரியாது என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம்.

மே 17

கல்யாணம். காலையில் அம்மாக்கள் இருவருக்கும் ஒரே அறையில் உடை அலங்காரம். நான் வாடகைக் கறுப்பு. அதன் தையல் அரிசி அரிசியாக, பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

உடுத்திவிட வந்த இளம்பெண் கெட்டிக்காரி, கை அப்படி ஓடுகிறது. மிதாராய் அம்மாவின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தவள் சட்டென்று நின்றாள். குனிந்து பார்த்தாள். அழகுத் தையல் என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இது அதுவாக இருக்க வழியே இல்லை. குரலைத் தாழ்த்தி, ஓட்டுத் தையலைப் பிரிக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன் என்றாள். கத்தரியையும் எடுத்துவிட்டாள்.

என் காது சுட்டது. எடுக்கட்டும், அத்தனை பேர் முன்னால் அதோடு நிற்பதற்கு எடுத்துவிடுவதே மேல் என்று நினைத்தேன். சொல்லவும் வாயைத் திறந்தேன்.

மிதாராய் அம்மா கழுத்துப் பட்டையைக் கையால் மூடிக்கொண்டார்கள். அன்றைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே மனுஷி.

"அதத் தொடாதீங்க" என்றார்கள். "எங்க சம்பந்தியம்மா தைச்சது."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக் கத்தரியை உள்ளே வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா விழா தொடங்குமுன்பே முகப்பூச்சைக் கலைத்துக்கொண்டதால், அவள் எனக்கு முதலிலிருந்து திரும்பப் பூச வேண்டியதாயிற்று.