தவளைக்குப் பத்து நிமிடம்

ஜூன் 3, ஞாயிறு

புகைப்படக் கழகத்தோடு காட்டோரம் போனேன், மரத்தவளை எடுக்க. நாங்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தபோது, தலைவர் லென்ஸ் அண்ணன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே ஐஸ் கட்டி, அதன் மேல் தவளை. வீட்டிலிருந்தே அழைத்து வந்த விருந்தாளி! கிளையில் உட்காரவைத்து, தாடையை விரலால் நிமிர்த்தி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பி எடுத்தார்.

"பத்து நிமிஷம் குளிர வச்சா சாதுவா உக்காரும்மா. ஒண்ணும் ஆகாது."

படத்துக்கு அவர் வைத்த தலைப்பு: 'அடர்காட்டில் ஒரு சந்திப்பு'. வெட்கமே கிடையாதா இந்த மனுஷனுக்கு?

ஜூன் 7

கழகப் போட்டி அறிவிப்பு. பொருள், மரத்தவளை. காட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும், தவளையைத் தொடக்கூடாது. விதியை எழுதியவரும் அவரேதான்! தொடாமல் எடுத்து, ஜெயித்து, அவர் முகத்தில் கரி பூசாமல் விடமாட்டேன்.

ஜூன் 10

காட்டில் மூன்று மணி நேரம். கிடைத்தவை: அட்டைக்கடி நான்கு, தவளையின் பின்பக்கம் ஒன்று. அதுவும் மங்கல். பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுக்கிறேன். "ஆடாதீங்க" என்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் வாயைப் பிளந்தபடி அப்படியே இருக்கிறார். தவளைக்கு மட்டும் என் பேச்சு காதில் ஏறவில்லை.

ஜூன் 12

எங்கள் குளியலறையில் மரத்தவளை! சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். இதற்கா காடு காடாக அலைந்தேன்?

ஜூன் 14

கணவர் இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. "அது என்னையே பாக்குதுடி" என்கிறார். பதினாறு வருடத்தில் அவரை இவ்வளவு ஆர்வமாகப் பார்த்த முதல் ஜீவன். கேமராவை எடுத்தால் மட்டும் வாளிக்குப் பின்னால் தாவிவிடுகிறது. நீல பிளாஸ்டிக் வாளி இருக்கிற காடு எங்கே இருக்கிறது?

ஜூன் 17

போட்டிக்கு நாளை மறுநாள் கடைசி நாள். ஜன்னலோரத் தொட்டிச் செடியில் உட்காரவைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சேச்சே. அப்புறம் லென்ஸ் அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? — அவர் கூச்சமில்லாமல் செய்கிறார். நான் கூச்சப்பட்டுக்கொண்டே செய்வேன். அந்த வித்தியாசம் போதாதா?

ஜூன் 18

தவளையை ஒரு டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். பத்தே நிமிஷம்னுதான் வச்சேன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் பண்ணிட்டார், அவசரக் கேஸ், உடனே வான்னு. ஓடிவிட்டேன். திரும்பி வர இரண்டரை மணி நேரம்.

டப்பாவைத் திறந்து, செடியில் உட்காரவைத்தேன். கால்களை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அப்படி ஒரு அடக்கம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறுபது படம் எடுத்தேன். முடித்துவிட்டு விரலால் தொட்டேன். சாய்ந்து விழுந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர் தெளிச்சேன். உள்ளங்கையில வச்சு ஊதினேன். அசையவே இல்ல. என்னடி பண்ணிட்ட நீ?

கணவர் தொட்டி மண்ணில் குழி தோண்டித் தந்தார்.

ஜூன் 19

படத்தை அனுப்பிவிட்டேன்.

ஜூலை 1, ஞாயிறு

முதல் பரிசு.

"காட்டுல எத்தனை நாள் காத்திருந்தீங்க?" என்று நடுவர் கேட்டார். ஒன்பது நாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். லென்ஸ் அண்ணன்தான் முதலில் எழுந்து கைதட்டினார். கூட்டம் கலைந்த பிறகு படத்துக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நேரம் வச்சுட்டியாம்மா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"காட்டுல எடுத்ததுண்ணா."

"சரிம்மா. நானும் மொதல் தடவ அப்படித்தான் சொன்னேன்."

தன் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.