விளக்கடியில் பூக்காத நெல்

கூடப்பிறந்த என் ஆசை நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் சலாம் சொல்லலாம் என்று வாப்பா நமக்குச் சொல்லித் தந்தது நல்லதாய்ப் போயிற்று. உங்களிடம் சொல்ல நிறையச் செய்தி இருக்கிறது. அதில் பாதி கோபம். மீதிப் பாதியும் கோபம்தான்.

முதலாளி ஹஜ்ஜுக்குப் போய்விட்டார். போகுமுன் ஊர் வழக்கப்படி பிழை பொறுக்கச் சொல்லி வீடு வீடாக மாப்புக் கேட்டு நடந்தார். நம் வாசலுக்கும் வந்தார், நானா. என்ன முகத்தோடு வந்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அலவத்துகொடப் பாதையோரத்து வயலை அவரிடம் அந்தேக்கு எடுத்து, விளைச்சலில் பாதி அவருக்கு என்று நீங்கள் செய்துவந்தீர்கள். அந்த வருடம்தான் அவர் வயலோரத்தில் நெல் களஞ்சியம் கட்டினார். கள்ளருக்குப் பயந்து கம்பத்தில் ஒரு பெற்றோமக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டார். காவற்காரன் பம்ப் அடித்து அடித்து அதை விடியும்வரை எரிய வைத்தான்.

பெரும்போகத்து நெல் கதிர் தள்ளும் காலம் வந்தது. வயல் முழுக்கப் பூத்தது. களஞ்சியத்துப் பக்கம் மட்டும் பச்சைப் புல்லாக நின்றது. தண்ணீர் ஒன்று, மண் ஒன்று, விதையும் ஒன்று. அங்கே மட்டும் ஏன் என்று உங்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. முதலாளிக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. நல்ல விதைநெல்லை விற்றுவிட்டுக் குப்பையை விதைத்தான் என்றார்.

பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் உங்களை எழுப்பி நிறுத்திச் சத்தியம் செய்யவைத்தார். நல்ல விதையைத்தான் விதைத்தேன் என்று நீங்களும் செய்தீர்கள். வயலைப் பறித்துக்கொண்டார். சில மாதத்தில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் உங்களையும் கொண்டுபோனது. எத்தனையோ நல்லவர்கள் அதே காய்ச்சலில் போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உங்களைப் பற்றி மட்டும், “பொய்ச் சத்தியம் சும்மா உடுமா?” என்றார்கள். உங்கள் பேரில் கத்தம் ஓத வந்தவர்களே நம் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அப்படிப் பேசினார்கள். உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் இஸ்மாயில் அந்த வயலை அந்தேக்கு எடுத்துச் செய்தார். ஒருநாள் விறகோடு அந்த வழியே வந்தேன். விளக்கு கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. களஞ்சியத்துக்குக் காவல் போட்டவர் உங்கள் மானத்துக்கு என்ன காவல் போட்டார்? கல்லை எடுத்து வீசினேன். விளக்கு விழுந்து நொறுங்கியது. மனதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? வெறும் ஆத்திரத்தில் செய்தேன், நானா. அதில் வேறு எந்த அறிவும் இல்லை.

கண்டியிலிருந்து வேறு விளக்கு வாங்கிவர முதலாளி அந்தப் போகம் முழுக்கச் சுணங்கினார். அந்த முறை களஞ்சியத்துப் பக்கமும் மற்ற நெல்லோடு சேர்ந்தே பூத்தது. “நல்ல கை பட்டா மண்ணும் குடுக்கும்” என்று இஸ்மாயிலின் முதுகில் தட்டினார். நான் அன்று சோறு தின்னவில்லை. வயல் வரம்பில் போய் உட்கார்ந்து யோசித்தேன். பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கிற நெல் அது. இரவே தெரியாமல் வெளிச்சத்தில் நின்றால் அதற்குக் காலம் எப்படித் தெரியும்?

மறு பெரும்போகத்துக்குப் புது விளக்கு வந்தது. நான் இஸ்மாயிலிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு பழைய சாக்கு ஒன்றை விளக்கின் ஒரு பக்கத்தில் கட்டிவிட்டார். சாக்கின் நிழல் விழுந்த பக்கம் கதிர் தள்ளியது. வெளிச்சம் விழுந்த பக்கம் புல்லாகவே நின்றது. கத்தரித்து வைத்ததுபோல் இருந்தது. முதலாளி வந்து வரம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். அடுத்த நாள் விளக்கைக் களஞ்சியத்துக்கு அந்தப் பக்கம் றோட்டோரமாக மாற்றிக் கட்டச் சொன்னார். அவ்வளவுதான். உங்கள் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

அப்படிப்பட்டவர்தான் வாசலில் வந்து நின்றார். நான் சீலைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

“புள்ள, ஹஜ்ஜுக்குப் போறன். ஏதாலும் மனக்கொற ஈந்தா மாப்புச் செஞ்சிடு.”

“நான் மாப்புச் செய்ய ஒரு வழிதான் ஈக்கிது, முதலாளி. எங்கட நானாவ சத்தியம் செய்யவெச்ச எடத்துல ஜும்ஆவுக்கு எழும்பி நில்லுங்க. வெளக்குத்தான் பயிரக் கெடுத்த, அவர் உண்மையத்தான் சென்ன எண்டு செல்லுங்க.”

“மௌத்தாப் போன மனிசனுக்கு இனி அது என்னத்துக்கு? உசிரோட ஈக்கிற எண்ட மானம் என்னாகும்?”

“எங்கட நானாவுக்கும் அது ஒண்டுதான் ஈந்த.”

அவர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். பயணத்துக்கு முந்திய ஜும்ஆவில் எழுந்தும் நின்றாராம். செய்தி வரும்வரை வீட்டில் காத்திருந்தேன். “யாருக்கும் கொற ஈந்தா மாப்புச் செய்ங்க” என்று பொதுவாகச் சொன்னாராம். ஊரே செய்தோம் என்றதாம். விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. நபியின் பேரில் சலவாத்துச் சொல்லி அவரைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள்.

அவர் திரும்பி வந்ததும் ஊரெல்லாம் ஹாஜியார் என்று கூப்பிடும். நான் கூப்பிட மாட்டேன். என்னை அக்காவாக நினைக்கிற இஸ்மாயிலின் மனைவிகூட, “உட்டுடு தாத்தா, அல்லாஹ் பாத்துக்குவான்” என்கிறாள். அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

எனக்கு இப்போது உங்களை நினைத்துத்தான் பயம். நீங்கள் இளகிய மனசுக்காரர். வயலைப் பறித்த அன்றும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னவர். மறுமையில் அவர் உங்கள் கையைப் பிடித்தால் உடனே சரி என்று சொல்லிவிடுவீர்கள். சொல்லாதீர்கள், நானா. கையை இழுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி வரட்டும் என்று சொல்லுங்கள். நான் வருவேன். எத்தனை வருடம் பிந்தினாலும் வந்து, எல்லாப் படைப்பும் கூடி நிற்கிற இடத்தில் அவரை எழுப்பி நிறுத்தி, அந்த வார்த்தையைச் சொல்லவைப்பேன். அதுவரை உங்களுக்காகவும் சேர்த்து நானே மாப்பை மறுக்கிறேன்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கச்சி