இடது ஓரத்து மேடு

சின்னவளின் அப்பாவுக்கு,

அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஆண்டெனா எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று நான் வெயிலில் நின்று அளந்தேன். நீங்கள் அதையே அறைக்குள் கணினியில் கணக்கிட்டீர்கள். முடியும்வரை ஒருவர் வரைந்த கோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. இன்று துறைத் தலைவரும் நானும் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தோம். அச்சு அசலாக ஒன்று.

"புருஷன் பொண்டாட்டின்னா இப்படித்தான் ஒத்துப்போகணும்" என்று தலைவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

என் கோட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. அது ஆண்டெனாவின் குணம் அல்ல. அன்று பெயின்டர் பக்கத்தில் சாத்திவிட்டுப் போன இரும்பு ஏணியில் பட்டுத் திரும்பிய அலை. நேற்றுதான் அளந்த அன்று எடுத்த புகைப்படத்தில் ஏணியைக் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கோட்டிலும் அதே இடத்தில் அதே மேடு.

போன வாரம் நான் குளித்துவிட்டு வந்தபோது என் அளவுகள் இருக்கும் மடிக்கணினி சூடாக இருந்தது. சின்னவள் படம் பார்த்தாள் என்றீர்கள். இருக்கலாம்.

நீங்கள் ஊரிலிருந்து வந்ததும் ஆய்வுக் கட்டுரையில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் கணக்குக்குள் அந்த ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்தியது யார்?

இப்படிக்கு,
வெயிலில் நின்றவள்