காற்று திரும்பட்டும் என்றீர்களாம்

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வரும் முதல் மார்கழி இது. உங்கள் பேத்தி வள்ளிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. விடிந்தால் மூச்சிழுப்பு வருகிறது. போன மார்கழியில் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பனி இல்லை அப்பா. சாயப்பட்டறைப் புகை எங்கள் ராயபுரம் தெருவில் இறங்கி, வெயில் ஏறும்வரை நகராமல் நிற்கிறது. ஜன்னல் சந்தில் ஈரத்துணி அடைத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

"ராயபுரமே இந்தப் பொகையிலதான் வளந்துது. உம்புள்ளைக்கு மட்டும் பீங்கான் நெஞ்சா கண்ணு?" என்கிறார் என் மாமியார்.

கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அந்தப் புகைபோக்கியை மாற்றிக் கட்டும் முன் பட்டறை முதலாளி உங்களிடம்தான் வந்தார். அதன் உயரம், காற்றின் வேகம், திசை தெரிந்தால், எந்த மாதம் எந்தத் தெருவில் எவ்வளவு புகை இறங்கும் என்று சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாமாம். நான் அப்போது கோயம்புத்தூர் விடுதியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது, "ஊர்ப் பொகைய வெள்ளைத்தாள்ல புடிச்சுட்டேன்" என்று சிரித்தீர்கள். தாளைக் காட்டவில்லை.

"பட்டறைக்குப் பக்கத்துல ஊடாச்சேப்பா" என்று இந்த வரனுக்குத் தயங்கினேன். "நேர்ல வந்து பாரு கண்ணு" என்று கூட்டிப் போனீர்கள். ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சேலையைப் பிடுங்கியது. புகை கிழக்கே ஓடியது. மாடியில் உலர்ந்த வேட்டியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அதைத் தொட்டுக் காட்டியவரும் நீங்கள்தான். சரி என்றேன்.

போன வாரம் அம்மா வந்திருந்தார். வள்ளியின் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவங்க தையிலயே ஊடு பாக்கக் கூப்புட்டாங்க கண்ணு. உங்கப்பாதான், காத்து திரும்பட்டும், ஆனியில போலாம்னாரு."

"ஏம்மா?"

"படிச்ச புள்ளைய சீரு, நகைன்னு ஒரு பேச்சும் பேசாம எடுத்துக்கற எடம். உட மனசு வரலை அவருக்கு."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழியின் மெல்லிய கிழக்குக் காற்று, மேலே ஏற முடியாத புகை. எப்படிப் போட்டாலும் இந்த வீட்டில்தான் வந்து விழுகிறது. தெரியாமல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். என்னை ஏமாற்ற நீங்கள் காற்றுப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தாளை என் முன் விரித்து, "நீயே பாரு" என்று விட்டிருக்கக் கூடாதா? பிறகு எதற்கு என்னைப் படிக்க வைத்தீர்கள்?

பல்லடத்தில் நம் வீட்டுக்கு இடம் பார்த்ததும் நீங்கள்தான். அங்கே எந்த மாதமும் புகை எட்டுவதில்லை. நாளை வள்ளியோடு அங்கே போகிறேன். "மாசி பொறந்தாத்தான் வருவேனுங்க அத்தை" என்றேன்.

"அப்ப எங்கூடு வேண்டாமாக்கும்?"

"உங்க பேத்தி வேணுமுங்களே."

வள்ளியின் துணிகளை அத்தையே மடித்துக் கொடுத்தார்.

என்னைப் பெற்ற அப்புச்சி எப்படிப்பட்டவர் என்று வள்ளி ஒருநாள் கேட்பாள். கணக்கில் தவறவே மாட்டார் என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன், அப்பா. இது என் வாக்கு.

வள்ளியின் அம்மா,
உங்கள் மகள்
சரசு