நன்முல்லை தேவியார் கல்லை எடுக்கும்படி

அருவி வற்றாத கருங்குன்றத்துக்கும், அதன் கோயில்களுக்கும், கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் நலம் பெருகுக. கருங்குன்றத்து மருமகளும் வெண்மணல் நாட்டுத் திருமகளுமாகிய நன்முல்லை தேவியார் திருமுன், வெண்மணல் வேந்தர் நெடுமுடியார் பணிக்க, ஓலைநாயகம் சாத்தன் எழுதுவது.

இரு அரண்மனைகளையும் இணைத்துச் செப்புக்கம்பி இழுத்து, அதன் அம்முனையில் செப்புச் சுருளும் இம்முனையில் காந்தமுள்ளும் பொருத்தியது தேவியார் அறிந்ததே. தேவியார் புக்ககம் புகுந்த காலை, வேந்தர் அவையில் காந்தமுள் ஒருமுறை வலப்புறம் துள்ளியது. மகள் அங்கே தன் செப்புச் சுருளுக்குள் காந்தக்கல்லை இட்டாள் என்று வேந்தர் அறிந்தார். அவையோர் முன் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் பன்னிரண்டு நாள் முள் அசையவில்லை.

வேந்தர் முள்ளருகிலேயே உண்டார். காற்று முள்ளை அசைத்துத் தம்மை ஏமாற்றலாகாது என்று சாளரங்களை அடைக்கச் சொன்னார். ஐந்தாம் நாள், மகள் நோயுற்றாளோ என்று தூதுப்பெண்ணை அனுப்பினார். பத்தாம் நாள், கல்லைத் தொடவிடாமல் அவளை யாரோ தடுக்கிறார்கள் என்றார். பதினொன்றாம் நாள் போர்க்குதிரைகளுக்குச் சேணம் பூட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளாக இரு நாடுகளும் காணாதது அது.

பன்னிரண்டாம் நாள் தூதுப்பெண் திரும்பினாள். தேவியார் நலம் என்றாள்.

"கல்லு சுருளுக்குள்ளேயேதான் இருக்குது, மகாராசா. சந்தனம் பூசி, தினம் பூ வைக்கிறாங்க. பொறந்த வீட்டுக் கல்லை வச்ச எடத்துலேருந்து எடுக்கக் கூடாதாம். முள்ளு சாஞ்சபடியே நிக்கும், அப்பா பாத்துக்கிட்டே இருப்பார்னு சொன்னாங்க."

கம்பி இழுத்த கம்மியப் பெண் வெள்ளைச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்லு சும்மா கெடந்தா கம்பிக்கு என்ன தெரியும்? நம்ம மருத்துவச்சாலை விளக்கைப் பாருங்க. நீர்ச்சக்கரம் கல்லைச் சுத்துற வரைக்குந்தான் எரியுது, நின்னா அணைஞ்சு போகுது. கல்லு அசையணும். உள்ளே போறப்போ ஒரு பக்கம் துள்ளும், வெளியே வர்றப்போ மறுபக்கம். எடுக்காதேன்னு எந்தப் புண்ணியவான் அவங்களுக்குச் சொன்னது?"

அவையோர் வேந்தரைப் பார்த்தனர். வழியனுப்பும் நாளில் மரபுப்படி மகள் கையில் கல்லைக் கொடுத்து, வைத்த இடத்திலிருந்து பெயர்க்காதே என்று சொன்னவர் வேந்தரே.

வேந்தர் சினக்கவில்லை. "நான்தான், அம்மா" என்று வெள்ளைச்சியிடம் சொன்னார். குதிரைகளின் சேணத்தை அவிழ்க்கச் சொன்னார்.

ஆகவே வேந்தர் ஆணை இது. தேவியார் காலைதோறும் கல்லை எடுத்து, மீண்டும் இடுக. மரபுக்குப் பிழை நேருமாயின் அது வேந்தரையே சேரும், தேவியாரைச் சேராது. பூ வைப்பதை நிறுத்த வேண்டா.

இவ்வோலைக்கு மறுவோலையும் வேண்டா. வாசித்து முடித்த கையோடு கல்லை வெளியே எடுத்தால் போதும். முள் இடப்புறம் துள்ளும். வேந்தர் அதை இன்னும் கண்டதில்லை.

சங்கு இலச்சினை வேந்தர் தம் கையாலேயே இட்டார். இட்டபின் முள்ளின் முன் சென்று அமர்ந்திருக்கிறார்.